சனிக்கிழமை பர்கர்

மேற்கு மாம்பலம்
12 ஜூலை 2024, வெள்ளி

ரெனிட்டாவின் அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே சண்டை வருகிறது, கொஞ்ச காலம் எழுதிப் பாருங்கள் என்று பங்குத்தந்தை சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. நான் மகளோடு இங்கே தனியாக வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்றுதான் எழுத வேண்டி வந்திருக்கிறது. நாளை உங்களிடம் வரும் ரெனிட்டாவின் பையில் வைத்து அனுப்புகிறேன்.

அவள் எப்போது பார்த்தாலும் சோர்வாக இருக்கிறாளே என்று டாக்டரிடம் காட்டினேன். ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் கொழுப்பு படிய ஆரம்பித்திருக்கிறதாம். சர்க்கரையும் எல்லைக்கோட்டில் நிற்கிறது. பதினான்கு வயதுப் பெண்ணுக்கு! மருந்து எதுவும் இப்போது வேண்டாம், சாப்பாட்டை மாற்றுங்கள், தினமும் ஓடியாடி விளையாடட்டும் என்றார். பிஸ்கட்டையும் கலர் பாட்டிலையும் நான் வீட்டுக்குள் விடுவதில்லை. பள்ளியில் மாலையில் பாஸ்கெட்பால் ஆடச் சேர்த்துவிட்டேன்.

மிச்சம் இருப்பது உங்கள் சனிக்கிழமை பர்கர். எண்ணெயில் பொரித்த கட்லெட், இரண்டு சீஸ், வழிய வழிய மயோனைஸ், வெண்ணெயில் புரட்டிய பன், பக்கத்தில் ஒரு மலை சிப்ஸ். ஒரே வேளையில் ஆயிரம் கலோரிக்குக் குறையாது. நான் எதைச் சொன்னாலும் நாலு பேர் முன்னால் சிரிப்பது உங்கள் வழக்கம். இதற்கு மட்டும் சிரிக்காதீர்கள். நிறுத்திவிடுங்கள்.

நோரா


சாந்தோம்
14 ஜூலை, ஞாயிறு

நோராவுக்கு,

நான் சிரிக்கவில்லை. ஸ்கேன் விஷயம் படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் பர்கரைப் பற்றி எழுதியிருந்தது சுருக்கென்று தைத்தது, அதையும் மறைக்கவில்லை. நாள் முழுக்க தி.நகர் சர்வீஸ் சென்டரில் ஊரார் பைக்குகளைப் பழுது பார்க்கிறேன். வீட்டுக்கு வந்து எனக்குச் செய்யத் தெரிந்தது அந்த ஒன்றுதான். கிறிஸ்துமஸுக்குக்கூட கேக்கை விட்டுவிட்டு என் பர்கரைக் கேட்டு வந்தவர்கள் உண்டு. உனக்கே தெரியும்.

இருந்தாலும் நேற்று அவளிடம் சொன்னேன், "இனிமே பர்கர் கிடையாதும்மா, சப்பாத்தி போட்டுத் தரேன்" என்று. அவள் முகம் விழுந்துவிட்டது. "இன்னாப்பா நீ? வாரத்துல ஒருவாட்டி வரேன். நம்ம ரெண்டு பேரும் சேந்து செய்றது அது ஒண்ணுதான். அதையும் எடுத்துட்டா நான் இங்க வந்து இன்னா பண்றது, டிவி பாக்கறதா?" என்றாள்.

அவள் சொன்னது நியாயம்தான். அதனால் நிறுத்த மாட்டேன், நோரா. மாற்றுகிறேன். மாற்றும்வரை நேற்றைப்போல சப்பாத்திதான். இது என் வாக்கு.

கிளிஃபர்ட்


மேற்கு மாம்பலம்
19 ஜூலை, வெள்ளி

ரெனிட்டாவின் அப்பாவுக்கு,

மாற்றுகிறேன் என்கிறீர்கள். சரி. பன்னுக்கு நடுவில் இரண்டு வெள்ளரித் துண்டைச் சொருகிவிட்டு மாற்றிவிட்டேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பழுது பார்த்த பைக்குகளை வெயிலில் ஹெல்மெட்டோடு ஓட்டிப் பார்க்கிறீர்கள் என்று அவள் சொன்னாள். தண்ணீர் குடியுங்கள்.

நோரா


சாந்தோம்
4 ஆகஸ்ட், ஞாயிறு

நோராவுக்கு,

தோற்றுப்போன கதையை எழுதுகிறேன்.

முதலில் கறிக்கடைக்குப் போனேன். கோழி நெஞ்சுக்கறி மட்டும், தோல் இல்லாமல், மெஷினில் ஒரே ஒருமுறை அரைத்துக் கொடுங்கள் என்றேன். கடைக்காரர் ஷரீஃப் பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார், உடம்பு கிடம்பு சரியில்லையா? தோல்லதானே டேஸ்ட்டே கீது!" என்றார். பொரிக்கப் போவதில்லை என்றதும் இன்னும் பயந்துவிட்டார்.

காய் சேர்த்தால் கறி குறையும் என்று சுரைக்காயைத் துருவிப் போட்டேன். தோசைக்கல்லில் வைத்ததும் அது தண்ணீர் விட்டு, உடைந்து, ஓடி, கடைசியில் கரண்டியால் அள்ள வேண்டியதாகிவிட்டது. உன் மகள் அதைப் பன்னில் கொட்டிச் சாப்பிட்டுவிட்டு, "அப்பா, இது பர்கர் இல்ல, பொடிமாஸ்" என்றாள். அடுத்த வாரம் காயே வேண்டாமென்று வெறும் நெஞ்சுக்கறியைத் தட்டி வேகவைத்தேன். அது ரப்பர் அழிப்பான் மாதிரி வந்தது. நேற்று ஓட்ஸ் போட்டேன். வாயில் ஒட்டிக்கொண்டு உள்ளே இறங்க மறுத்தது. மூன்று வாரமும் நான் வருந்தக் கூடாதென்று அவள் தட்டை வழித்துச் சாப்பிட்டாள், அதுதான் எனக்கு வேதனை.

எஞ்சினில் கோளாறு என்றால் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். இதில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. உனக்குத் தெரிந்தால் சொல். கேட்டுக்கொள்கிறேன்.

கிளிஃபர்ட்


மேற்கு மாம்பலம்
9 ஆகஸ்ட், வெள்ளி

கிளிஃபர்டுக்கு,

கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் 'உனக்குத் தெரிந்தால் சொல்' என்று நீங்கள் என்னிடம் கேட்டதாக நினைவில்லை. அதனால் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து யோசித்து எழுதுகிறேன்.

சுரைக்காயை விடுங்கள். காளானைப் பொடியாக நறுக்கி, எண்ணெய் இல்லாமல் வெறும் வாணலியில் வதக்குங்கள். தண்ணீர் முழுக்கச் சுண்டியபிறகு ஆறவைத்துக் கறியோடு சேர்த்தால் காய்ந்துபோகாது, கலோரியும் குறையும். உதிராமல் பிடிக்க, கோலா உருண்டைக்குப் போடுகிறோமே, அதே பொட்டுக்கடலை மாவு இரண்டு ஸ்பூன். இஞ்சி, பச்சைமிளகாய், மல்லித்தண்டு தாராளமாக இருக்கட்டும். உப்பில் மட்டும் கஞ்சம் பிடியுங்கள். தட்டியதும் அவசரப்பட்டுக் கல்லில் போடாதீர்கள், அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். பிறகு ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, மூடி போட்டு, மிதமான தீயில் நடுப்பகுதி நன்றாக வேகும்வரை வைத்திருங்கள்.

மயோனைஸுக்குப் பதில் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, பூண்டும் கடுகுத்தூளும் கலந்து பாருங்கள்.

நான் சொன்னபடியே செய்ய வேண்டும் என்றில்லை. ஆனால் ஒருமுறையாவது சொன்னபடி செய்து பாருங்கள்.

நோரா


சாந்தோம்
18 ஆகஸ்ட், ஞாயிறு

நோரா,

வந்துவிட்டது! போன வாரம் ஊருக்குப் போன முதலாளிக்காக நான் சர்வீஸ் சென்டரில் இருக்க வேண்டியதாயிற்று, அதனால் நேற்றுதான் செய்தேன். நீ எழுதியபடி, ஒரு வரி மாற்றவில்லை. திருப்பிப் போடும்போது கண்ணை மூடிக்கொண்டேன். ரெனிட்டாதான் கத்தினாள், "அப்பா, ஒடையல! முழுசா கீது!"

மேலே பழுப்பு நிறம், நடுவில் பிட்டால் ஈரப்பதம். கோதுமை பன், சின்னதாக, வெறும் கல்லில் சுட்டது. ஒரே ஒரு சீஸ், அதுவும் பாதி. சிப்ஸுக்குப் பதில் சர்க்கரைவள்ளிக்கிழங்கை வட்டமாக வெட்டி அதே கல்லில் சுட்டேன். பழைய பர்கரோடு ஒப்பிட்டால் பாதி கலோரிதான் இருக்கும் என்று ரெனிட்டா கூட்டிப்பார்த்துச் சொன்னாள். உன் மகள் கணக்கில் உன்னைப் போல. ரசித்துச் சாப்பிடுவதில் என்னைப் போல. கண்ணை மூடி மென்றுவிட்டு, "பழசு மாதிரி இல்லப்பா. இது வேற. ஆனா இதுவும் நம்மளுதுதான்" என்றாள்.

ஷரீஃப் பாய்க்கு ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைசி வாய் வரை தின்று முடித்தார். பிறகு, "தோலு இல்லாமலா இது?" என்றார். எனக்கு மெடல் குத்தியது போல இருந்தது.

மிக்க மகிழ்ச்சியுடன்,
கிளிஃபர்ட்


மேற்கு மாம்பலம்
27 செப்டம்பர், வெள்ளி

அன்புள்ள கிளிஃபர்டுக்கு,

புதன்கிழமை பரீட்சை பேப்பர்க் கட்டோடு மாம்பலம் ஸ்டேஷன் கூட்டத்தில் நசுங்கி வீட்டுக்கு வந்தால், படிக்கட்டிலேயே வாசனை. ரெனிட்டா அடுப்பின் முன்னால் நிற்கிறாள். "உக்காரும்மா, இன்னிக்கு நான்" என்றாள். என்னைக் கிட்டே விடவில்லை. அவள் கறிக்கலவையைப் பிசைந்து, உள்ளங்கையில் தட்டி, ஓரத்தை விரலால் சரிசெய்தது அப்படியே உங்கள் கை. நான் இரண்டு பர்கர் சாப்பிட்டேன். உங்களிடம் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

டாக்டரிடம் மறுபடி போனோம். முழுக்கச் சரியாகவில்லை. ஆனால் ஈரல் கொழுப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது, சர்க்கரை எல்லைக்கோட்டுக்கு உள்ளே வந்துவிட்டது. "என்னம்மா செஞ்சே?" என்று டாக்டர் கேட்டதற்கு அவள், "பாஸ்கெட்பாலும் பர்கரும் டாக்டர்" என்றாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். விளக்கிச் சொல்ல நான் பட்ட பாடு!

நோரா


சாந்தோம்
29 செப்டம்பர், ஞாயிறு

அன்புள்ள நோரா,

ரிசல்ட் படித்துவிட்டுக் கோவிலுக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தேன். வேறொன்றும் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு பங்குத் திருவிழா. நம் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியக் குழுவுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை கொடுத்திருக்கிறார்கள். குழுக் கூட்டத்தில் ரெனிட்டா கைதூக்கி, "எங்கப்பா பர்கர் போடுவாரு" என்று சொல்லிவிட்டாள். பக்கத்துக் கடையில் பொரித்த சிக்கன். யார் நம்மிடம் வருவார்கள் என்று எனக்குக் கவலைதான். உன்னால் வர முடியுமா? வரவேண்டும் என்று கட்டாயம் இல்லை.

கிளிஃபர்ட்


மேற்கு மாம்பலம்
7 அக்டோபர், திங்கள்

அன்புள்ள கிளிஃபர்ட்,

ரெனிட்டா பையில் போவதென்றால் சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டும். அதனால் இதை ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன்.

பேப்பர் திருத்தும் வேலை இருக்கிறது, வரமாட்டேன் என்று ரெனிட்டாவிடம் சொல்லி அனுப்பினேன். நேற்று சாயங்காலம் வந்தேன். உங்கள் கடைக்கு எதிரில் ஜெபமாலை விற்கும் பந்தலின் ஓரமாக நின்றேன். என்னை நீங்கள் பார்க்கவில்லை.

முதலில் ஆளே இல்லை. பொரித்த சிக்கன் கடையில் தள்ளுமுள்ளு. அன்பியத் தலைவர் காஸ்பர் அண்ணன் உங்களிடம் வந்து நின்று சத்தமாகச் சொன்னது அத்தனை பேர் காதிலும் விழுந்தது. "இன்னாடா கிளிஃபி, ஆஸ்பத்திரி சாப்பாடு போட்டுக்கினு கீற? எண்ணெய ஊத்திப் பொரிடா. ரெண்டு சீஸ் வை. பொண்டாட்டி இங்க இல்லியே, யாருக்குப் பயப்படற?"

சுற்றி நின்ற உங்கள் நண்பர்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரிக்கப் போகிறீர்கள் என்று நினைத்துத் திரும்பிப் போகக் கால் எடுத்துவிட்டேன். அப்போது நீங்கள் சொன்னீர்கள்: "பயம் இல்லண்ணே. இது நோரா சொல்லிக்குடுத்தது. எனக்குத் தெரியல, அவகிட்ட கேட்டேன், அவ சொன்னா. இதுல ஒண்ணும் மாத்த மாட்டேன். சாப்ட்டுட்டு அப்புறம் பேசுங்க."

யாரும் சிரிக்கவில்லை. காஸ்பர் அண்ணன் ஒன்றை வாங்கிக் கடித்தார். ரெனிட்டா அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் முழுதையும் தின்றுவிட்டு வீட்டுக்கு நாலு கட்டச் சொன்னார். அதற்குப் பிறகு கூட்டம் வந்தது. கோவிலில் திருப்பலி முடிந்து கூட்டம் வெளியே வரும்போது உங்களிடம் பன் தீர்ந்திருந்தது. வெறும் கட்லெட்டையாவது கொடுங்கள் என்று ஆட்கள் தட்டை நீட்டினார்கள். பொரித்த சிக்கன்காரர்கூடக் கைதுடைத்துக்கொண்டு வந்து நின்றார், பார்த்தேன்.

என் பக்கத்தில் அமீனா பீ நின்றிருந்தார், ஷரீஃப் பாயின் மனைவியாம். அதுவரை எனக்கு அவரைத் தெரியாது, பேச்சுக் கொடுத்ததில் அவரே சொன்னார். கையில் பாதி பர்கர். "நல்லா செய்றாரும்மா. எங்க வூட்டுக்காரரு கறிதான். நான் இன்னிக்குதான் பாக்கறேன். யாரு இவரு, உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரர்" என்றேன். வாயிலிருந்து தானாக வந்தது. சொன்ன பிறகு நிமிர்ந்து நின்றேன்.

வியாழக்கிழமை எனக்கு அரை நாள் லீவு. வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைக்கப் போகிறேன். சாப்பிட வாருங்கள். பர்கர் ஒன்றும் எடுத்து வர வேண்டாம், நீங்கள் வந்தால் போதும்.

உங்கள்
நோரா