ஒழுங்கை முடிவில் மூன்றடி அணை

1997 செப்டெம்பர் 7, ஞாயிறு
வெள்ளவத்தைக் கால்வாய் ஒவ்வொரு ஒக்டோபர் மழைக்கும் என் கட்டிலடிவரை வந்து போகிறது. உறவினர்கள்கூட இவ்வளவு ஒழுங்கில்லை. இன்று எங்கள் குறுந்தெருவின் ஒழுங்கைச் சங்கக் கூட்டம். தலைவர் நமசிவாயம், சட்டத்தரணி, நாற்பது நிமிடம் பேசினார். மேல்மாடிச் சின்னராசா, நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பது வருடம் குளக்கட்டுப் பார்த்தவர், மூன்றே வார்த்தை சொன்னார்: "மண்ணால ஒரு கட்டு." நிறைவேறியது.

செப்டெம்பர் 14
பொலிஸ் அனுமதிக்குச் சின்னராசா படம் கீறினார். மூன்று பிரதி. அளவெடுக்க அசையாத இடம் ஒன்று வேண்டுமாம். இங்கே அசையாதது கால்வாயடிப் பொலிஸ் காவலரணின் கொங்கிறீட் தளம் மட்டுமே. ஆகவே தன் பழைய அளவு நாடாவால் காவலரணிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள தூரத்தை அங்குல சுத்தமாகக் குறித்தார். ஆங்கிலக் கடிதம் நான் எழுதினேன். கையெழுத்து அவருடையது.

செப்டெம்பர் 28
அணை முடிந்தது. மூன்று லொறி செம்மண். மிதித்து இறுக்கியவர்கள் இரண்டு கணக்காளர், ஒரு பல் வைத்தியர். ஒழுங்கைத் தண்ணீர் வெளியே போக ஒரு குழாய். "கால்வாய் ஏறினா இந்தப் பலகையால குழாயை மூடவேணும். மறந்தா கட்டு இருந்தும் ஒண்டுதான், இல்லாட்டியும் ஒண்டுதான்," என்றார் சின்னராசா.
பொலிஸ் பதில் இல்லை. மௌனம் சம்மதம் என்றார் சட்டத்தரணி.

ஒக்டோபர் 3
பதில் வந்தது. ஜீப்பில். சின்னராசாவை ஏற்றிவிட்டார்கள். யுத்தகாலக் கொழும்பில் காவலரணை ஒரு தமிழன் எதற்கு அளந்தான்? நியாயமான கேள்வி. கடிதம் யார் எழுதியது என்றும் கேட்டார்கள். "நான்தான்," என்றார் அவர். பக்கத்தில் நின்றேன். முப்பத்தைந்து வருடம் ஆங்கிலம் படிப்பித்த வாய் — எந்த மொழியும் வரவில்லை.

ஒக்டோபர் 5
சங்கத் தீர்மானம்: அணை எங்களுடையதல்ல. தானாக முளைத்தது. எவரும் கிட்டப் போகக்கூடாது. ஏகமனதாக. நானும் கை உயர்த்தினேன்.

ஒக்டோபர் 9
மழை.

ஒக்டோபர் 10
காலையில் கால்வாய், திறந்த குழாய் வழியே, கட்டிலடிக்கு. நமசிவாயம் மாடியிலிருந்து நிலைமையை அவதானித்தார். சின்னராசாவின் மனைவி நேசமலர் பலகையோடு படியிறங்கினார்.
"போகாதேங்கோ, சுடுவாங்கள்!" என்றேன்.
"மாஸ்டர், இந்தக் கட்டாலதான் அவர் உள்ளுக்குக் கிடக்கிறார். இது வேலை செய்யிறதை அவங்கள் பாக்கட்டும். நீங்க குடையைப் பிடியுங்கோ."
பிடித்தேன். என் வீரம் குடையளவு.
காவலரணில் முழங்கால் தண்ணீரில் நின்ற சார்ஜன்ட் துவக்கை நீட்டினான். நேசமலர் அவனைப் பார்க்கவேயில்லை. பலகை இறங்கியது, நீர் நின்றது. அவன் தன் சப்பாத்தைப் பார்த்தான், அணையைப் பார்த்தான். பிறகு துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, பலகைக்குக் கல் முண்டு கொடுத்தான்.
எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்: படம் இதற்குத்தான். கடிதம் என்னுடையது.
ஸ்டேஷனுக்கு வந்து எழுதித் தரச் சொன்னான். போனேன். எழுதினேன். கையெழுத்தும் வைத்தேன்.

ஒக்டோபர் 14
சின்னராசா வந்துவிட்டார். மெலிந்திருக்கிறார். உள்ளே நடந்ததைக் கேட்டேன். நேராக அணைக்குப் போனார். "பலகையைத் தலைகீழாப் போட்டிருக்கிறியள்," என்றார்.

ஒக்டோபர் 19
அணை சங்கத்தின் சாதனை என்று தீர்மானம். நமசிவாயம் பெயரில் கல் நாட்டுவார்கள்.
ஸ்டேஷன் பின்வளவிலும் வெள்ளமாம். அங்கேயும் ஒரு கட்டுக்குப் படம் கீறித் தரட்டாம். சார்ஜன்ட் மரியாதையாகவே கேட்டான். சின்னராசா போய், தடியால் நிலத்தில் கோடு காட்டிவிட்டு வந்தார்.
"அளக்கேல்லையோ?" என்றேன்.
"நாடா இல்லை, மாஸ்டர்."
"எங்க?"
எறிவதுபோல் கையை வீசிக் கால்வாயைக் காட்டினார்.