மூன்றாம் பாத்தியைப் பிடுங்கும் முன் வந்து பார்க்க வேண்டி

அனுப்புநர்:
தோட்டப் பணியாளர் (பத்தொன்பது ஆண்டுகள், இப்போது வேலையில் இல்லை),
நகராட்சிப் பூங்கா, பேருந்து நிலையம் பின்புறம்.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: தண்ணீரை ஏற்காத மண்ணுக்காக என்னை வேலையை விட்டு நீக்கியது – நேரில் வந்து பார்வையிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பூங்காவின் ஐந்து பாத்திகளிலும் செடிகள் காய்ந்துவிட்டன, நான் தண்ணீர் ஊற்றாததே காரணம் என்று மேற்பார்வையாளர் எழுதிக் கொடுத்தார். தாங்களும் கையெழுத்திட்டு என்னை அனுப்பிவிட்டீர்கள். அவர் எழுதியது பொய். தினமும் காலையில் ஊற்றினேன். மண்தான் குடிக்கவில்லை.

2. அந்த மண், தைலமரத் தோப்பில் இலைச் சருகோடு வழித்து லாரியில் கொண்டுவந்தது. இரண்டு மாதம் தகரக் கொட்டகையில் கிடந்து பொடியாகிவிட்டது. ஈரச் சாக்காவது போட்டு மூடலாமா என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். "நல்லா காயட்டும்மா, அப்பதான் பூச்சி சாகும். நீ மண்வெட்டியப் பிடி, மூளைய நான் பாத்துக்கறேன்" என்றார். பார்த்துக்கொண்ட லட்சணம் பாத்தியில் தெரிகிறது.

3. அந்த மண்ணில் செடி நட்டு ஊற்றினால், தண்ணீர் எண்ணெய் தடவிய தட்டில் விழுந்ததுபோல் உருண்டு நடைபாதைக்கு ஓடுகிறது. விரலை விட்டுப் பார்த்தால் உள்ளே மாவு போலக் காய்ந்து கிடக்கிறது. இதற்காக ஒரே செவ்வாய்க்கிழமை எனக்கு இரண்டு குறிப்பாணைகள் வந்தன. செடிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை என்று ஒன்று. தண்ணீரை நடைபாதையில் வழியவிட்டு வீணாக்கினேன் என்று இன்னொன்று. இரண்டிலும் ஒரே கையெழுத்து. ஊற்றாத தண்ணீர் எப்படி ஐயா வழியும்? இப்படிக் கேட்பது மரியாதைக்குறைவாக இருந்தால் மன்னிக்கவும்.

4. ஒரு பொட்டலம் மண்ணை எடுத்துக்கொண்டு மண் பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மா அதன்மேல் ஒரு சொட்டு விட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு நிமிடம் அந்தச் சொட்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. "இலையில இருக்கற மெழுகு மணல் மேல படிஞ்சிருக்கும்மா. ஈரம் இருக்கறவரைக்கும் தெரியாது, ஒரேயடியா காஞ்சா தண்ணிய உள்ள விடாது" என்றார். சோப்புத் தண்ணீரைக் கொஞ்சமாகத் தெளித்துவிட்டு, பிறகு மெதுவாக ஊற்றிப் பார்க்கச் சொன்னார்.

5. மூன்றாம் பாத்தியில் அப்படியே செய்தேன். தண்ணீர் இறங்கியது. அதற்கும் ஒரு குறிப்பாணை: "பணி நேரத்தில் பூங்காவில் துணி துவைத்தது." என் கையில் ஒரு கைக்குட்டைகூட இல்லை ஐயா. அந்தப் பாத்தியின் பதினான்கு செடிகளும் இன்றும் துளிர் விட்டு நிற்கின்றன. ஐந்தும் காய்ந்தன என்று எழுதியவருக்கு அவை கண்ணில் குத்துகின்றன போலும். வரும் வெள்ளிக்கிழமை ஐந்தையும் பிடுங்கிவிட்டு, அதே கொட்டகையில் மிச்சமிருக்கும் மண்ணைப் போட்டுப் புதிதாக நட ஆள் சொல்லியிருக்கிறார். வெட்கமே இல்லையா என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

6. வேலை போனதைத் தாங்கிக்கொண்டேன். நீக்க உத்தரவைப் படித்த என் வீட்டுக்காரர் சோற்றுத் தட்டைப் பார்த்தபடியே, "நெஜமாவே ஊத்தலையா நீ?" என்று கேட்டார். தினமும் நனைந்த புடவையோடு வீட்டுக்கு வந்தவளைப் பார்த்து அந்த மனிதர் கேட்டார். அலுவலக முத்திரைக்கு அவ்வளவு பலம்.

7. எனவே வியாழக்கிழமைக்குள் தாங்களே வந்து, நான்காம் பாத்தியில் ஒரு டம்ளர், மூன்றாம் பாத்தியில் ஒரு டம்ளர் ஊற்றிப் பார்க்க வேண்டும். மேற்பார்வையாளரிடம் சொல்லி ஊற்ற வைக்காதீர்கள், தங்கள் கையால் ஊற்றுங்கள். பிறகும் என்னை வேலைக்குச் சேர்க்க மனமில்லையென்றால் வேண்டாம். நான் தண்ணீர் ஊற்றினேன் என்று ஒரு வரி எழுதி, அதே முத்திரையைக் குத்திக் கொடுங்கள். வீட்டுக்காரரிடம் காட்ட வேண்டும். அவர் அதைத்தான் நம்புகிறார்.

இடம்: பூங்கா வாசல், வெளிப்பக்கம்
நாள்: நீக்கப்பட்ட பதினோராம் நாள், திங்கள்

இப்படிக்கு,
(ஒப்பம்)
தோட்டப் பணியாளர்

இணைப்பு: குறிப்பாணை நகல்கள் மூன்று; நான்காம் பாத்தி மண் ஒரு பொட்டலம்.