பெரிய அண்டா வெந்நீர்

சித்திரை 9, செவ்வாய்.

மகளைக் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தோம். பிள்ளை பிறந்த அன்றே போய்விட்டது. ஆனாலும் பெற்ற உடம்பு, வெந்நீர் ஊற்றாமல் விட முடியாது.

எதில் வெந்நீர் போடுவது என்று போன மாதம் முழுக்க எனக்கும் வீட்டுக்காரருக்கும் சண்டை. நான் கேஸ் என்றேன். "தாய்க்கும் பிள்ளைக்கும் ரெண்டு நேரமும் வெந்நி வச்சா சிலிண்டர் எங்க தாங்கும்? ஹீட்டர்னா கரண்டு பில்லு கொன்னுரும். நம்ம புஞ்சையில பருத்திமாரு சும்மா கெடக்குல்லா" என்றார். காய்ந்த பருத்திச் செடிகளை அவரே பிடுங்கி வந்து புறவாசலில் ஆள் உயரத்துக்கு அடுக்கினார்.

சாயங்காலம் அதைத்தான் எரித்தேன். யோசிக்காமல், இரண்டு பேருக்கென்று எடுத்து வைத்திருந்த பெரிய அண்டாவையே ஏற்றிவிட்டேன். பருத்திமார் படபடவென்று எரிந்து அடங்கிவிடும், அடுப்பை விட்டு நகர முடியாது. புகை கண்ணைக் கரித்தது. நல்லதாகப் போயிற்று, ஏன் அழுகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. இவர் அந்தப் பக்கமே வரவில்லை.

முதுகில் ஊற்றி முடித்ததும் மகள் திரும்பி, அண்டாவில் பாதிக்கு மேல் மீதி கிடப்பதைப் பார்த்தாள்.

"எனக்கு மட்டுந்தானம்மா. கேஸ்லயே வச்சிருக்கலாம்லா."

மீதியைக் கொட்ட மனம் வரவில்லை. மூடி வைத்திருக்கிறேன்.