லேபிள் தாளின் மறுபக்கம்

விருதுநகர்,
1961 ஆவணி, வெள்ளி இரவு

அண்ணா, உன் காலில் விழுந்து கேட்கிறேன், இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உன்னோடு மெஸ்ஸில் சாப்பிடுகிற நம் ஊர்ப் பையன்களுக்குக் கூடக் காட்டாதே, அவர்கள் வீட்டுக்கு எழுதுவார்கள், மறு தபாலிலேயே சித்தப்பா காதுக்கு வந்துவிடும். படித்ததும் கிழித்துப் போடு என்று எழுதப் போனேன். அம்மா விடவில்லை, காகிதத்தைக் கிழிக்கிற பேச்சே இந்த வீட்டில் இனிக் கூடாதாம். எழுதுவது நான், சொர்ணம். சொல்வது அம்மா. மாடி அறையில் தாழ் போட்டுக்கொண்டு சிம்னி விளக்கில் எழுதுகிறேன், கரண்ட் லைட்டைப் போட்டால் கதவிடுக்கு வழியாகக் கீழே தெரியும். அம்மா பேசுகிறபடியே எழுதினால் உனக்குச் சிரிப்பு வரும், அதனால் பள்ளிக்கூடத்துத் தமிழில் எழுதுகிறேன். இனிமேல் 'நான்' என்று வருவதெல்லாம் அம்மா.

அன்பு மகன் அய்யாதுரைக்கு அம்மா சொல்லி எழுதுவது. நானும் தங்கச்சியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசுக்குத்தான் ஓய்வில்லை. நீ கல்கத்தாவில் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நலமாயிருக்க மாரியம்மன் துணை இருப்பாள். இருமல் என்று எழுதியிருந்தாயே, விட்டதா, அந்த ஊர் மழையில் தலையை நனைக்காதே, நல்லெண்ணெய் வைத்துக் குளித்தால் போதும். இங்கே ஒரு தூறல் கூட இல்லை, வெம்பக்கோட்டைப் பக்கம் விதைத்தவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். பட்டாசுக்காரர்களுக்கு அதுதான் சந்தோஷம், வெயில் இருந்தால்தானே வெடிமருந்து காயும். சித்தப்பா கம்பெனியில் தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல் இருக்கிறது. அதோடு தேர்தலும் வருகிறது, அவருக்குச் சீட் கிடைக்கும் என்று பேச்சு. அதற்காகத்தான் முன் அறையை உன் அப்பாவின் நினைவு அறையாக்கக் கிளம்பினார். அப்பா ஜெயிலுக்குப் போனதும், சட்டசபைக்குப் போனதும் ஊருக்கு மறந்துவிடக் கூடாதாம், அந்த நினைப்பில் தம்பிக்கு ஓட்டுப் போட வேண்டுமாம். செய்யட்டும் என்றுதான் நானும் இருந்தேன். அவர் அப்பாவின் பெட்டியையும் அலமாரியையும் திறந்து, பெரிய தலைவர்களின் கையெழுத்து உள்ள கடிதங்களை மட்டும் கண்ணாடி போட எடுத்துக்கொண்டார். மற்றதெல்லாம் குப்பை என்று ஒதுக்கிவிட்டார்.

உனக்குத் தெரியும், அப்பா வெள்ளைத் தாளை வாங்கி எழுதியவர் இல்லை. அச்சாபீசில் கலர் விலகிப்போய்க் கழித்துப் போடுகிற, படம் போட்ட லேபிள் தாள்களைக் கட்டாக வாங்கி வந்து, அதன் மறுபக்கத்தில்தான் எழுதுவார். ஊர் ஊராக வருகிறவர்கள் சொல்லச் சொல்ல மனு எழுதி, அதிலேயே அவர்களிடம் கட்டைவிரல் ரேகை வாங்கிக்கொண்டு, நகலைத்தான் மேலே அனுப்புவார். இந்த வீட்டில் எழுத்துத் தெரியாதவள் நான் ஒருத்திதான், ஆனாலும் படத்தைப் பார்த்தே எந்தக் கட்டு எந்த வருஷத்தது என்று சொல்வேன், மயில் படம் உன் தங்கச்சி பிறந்த வருஷம், சிப்பாய் படம் பஞ்ச வருஷம். சித்தப்பாவின் கணக்கப்பிள்ளை பெத்தணன் வந்தவர், படம் மேலே தெரியும்படி கிடந்த கட்டுகளைப் பார்த்துவிட்டு, அச்சாபீஸ் கழிவு என்று நினைத்து நாரணாபுரத்துக்குப் போகிற பழைய காகித லோடில் ஏற்றிவிட்டார். சீசன் நேரம், வெடிக்குக் குழாய் சுற்றக் காகிதம் போதாமல் தவிக்கிறார்கள், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நம் ஊரில் யாரும் அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் கோயிலிலிருந்து திரும்பி வந்தால் அலமாரி காலி. சேலை கூட மாற்றவில்லை, சொர்ணத்தைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். நாரணாபுரத்தில் வீட்டுக்கு வீடு பொம்பளைகள் பசைக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, கம்பியில் காகிதத்தைச் சுற்றிச் சுற்றி உருவிப் போடுகிறார்கள். வாசல் முழுக்க உன் அப்பாவின் எழுத்து குழாய் குழாயாகக் காய்கிறது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மூக்கம்மாள் என்று ஒருத்தி, வாய் நீளம், என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "வாங்க தாயி, முதலாளி வீட்டம்மா எங்க வாசலுக்கு வந்திருக்கீக! வெடி வாங்க வந்தீகளா, வெடி போட வந்தீகளா?" என்றாள். சுற்றினதைப் பிரிக்க வந்திருக்கிறேன் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். "சுத்துறதுக்குக் கூலி உண்டு, பிரிக்கிறதுக்கு எவுக தருவாக?" என்று கேட்டாள். நீங்கள் சும்மா இருங்கள், நானே பிரித்துக்கொள்கிறேன் என்று மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். பசை ஈரமாக இருந்தால் காகிதம் வருகிறது, காய்ந்துவிட்டால் தண்ணீரில் முக்கித்தான் எடுக்க வேண்டும். சொர்ணம் ஒவ்வொன்றாக விரித்து வாசித்தாள். ஒன்றில் வரிசையாகக் கைரேகை, பக்கத்தில் பெயர். அவள் பெயர்களை வாசிக்க வாசிக்க அங்கே சிரிப்பு நின்றுபோயிற்று. அது உன் சித்தப்பா கம்பெனி ஷெட்டில் தீப்பிடித்துப் பொம்பளைப் பிள்ளைகள் செத்தபோது, நஷ்ட ஈடு கேட்டு ஊரார் கொடுத்த மனு. சொந்தத் தம்பி கம்பெனி என்று பார்க்காமல் உன் அப்பா அவர்கள் பக்கம் நின்று எழுதினார். செத்தவர்களில் மூக்கம்மாளின் தங்கச்சியும் ஒருத்தி. அவள் பசைக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "ஏட்டி, சுத்துனதை எல்லாம் கொண்டாங்கட்டி" என்று தெருவைப் பார்த்துக் கத்தினாள். பொழுது சாயும் வரை அத்தனை பேரும் உட்கார்ந்து பிரித்தார்கள். கொஞ்சம் போனது போனதுதான், மிச்சத்தைக் காயவைத்துக் கட்டி எடுத்து வந்தேன்.

அதற்குப் பிறகுதான் சித்தப்பா அந்தக் கட்டை வாசித்தார். வாசித்ததும் கொளுத்தச் சொன்னார். அதில் ரகசியம் ஒன்றும் இல்லை, தீப்பிடித்தது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரிந்தது காகிதத்தில் இருக்கக் கூடாதாம். "மதினி, செத்துப்போனவுகளை வச்சு உசுரோட இருக்கிறவன் பொழப்பக் கெடுக்காதீக" என்றார். உசுரோடு இருந்தவர்களைச் சாகவிட்டது யார் தம்பி என்று கேட்டேன். பிறகு வேறு வழியாக வந்தார். "அண்ணன் வெள்ளைக்காரங்கிட்ட விடுதலை கேட்டு எழுதின காகிதமும் அதுல கெடக்கு, ஊரு பாத்தா சிரிக்கும்" என்றார். அய்யாதுரை, இதை நீ அவர் வாயால் கேட்பதற்கு முன் என் வாயால் கேள். அப்பா ஜெயிலில் இருந்தபோது நீ டைபாய்டில் கிடந்தாய், பிழைக்க மாட்டாய் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். ஒரு நாள் வந்து உன்னைப் பார்க்க விடச் சொல்லி, இனி கூட்டத்தில் பேச மாட்டேன் என்று எழுதினார், எழுதிவிட்டு அனுப்பாமல் தன்னோடே வைத்துக்கொண்டார். விடுதலையாகி வந்த அன்றே என்னிடம் காட்டினார். அந்தத் தாளும் அழியாமல் இருக்க வேண்டும். அனுப்பாதது ஒரு பெருமை என்றால், எழுதியதும் எனக்குப் பெருமைதான். அவருக்குப் பிள்ளை மேல் ஆசை இருந்தது என்று தெரிந்தால் சிரிக்கிற ஊர் சிரித்துக்கொள்ளட்டும்.

கொளுத்த மாட்டேன் என்று சொல்லி, கட்டை எடுத்து ஒளித்துவிட்டேன். அன்று முதல் தேடுகிறார்கள். மிளகாய் வத்தல் கோடவுனில் மூட்டை மூட்டையாகப் புரட்டி, பெத்தணன் தும்மித் தும்மி மூக்கு வீங்கியதுதான் மிச்சம். எங்கே வைத்திருக்கிறேன் என்று இதில் எழுத மாட்டேன், சொர்ணத்துக்கும் தெரியாது, அவளை அடித்துக் கேட்டாலும் பிரயோசனம் இல்லை. கொடுக்காவிட்டால் அவள் பள்ளிக்கூடத்தைக் காலாண்டுப் பரீட்சையோடு நிறுத்துவேன் என்று மிரட்டியிருக்கிறார். நிறுத்தட்டும் பார்க்கலாம். வத்தலுக்குக் காம்பு கிள்ளியாவது நான் அவளைப் படிக்க வைப்பேன். இந்தத் தெருவில் அவருடைய அண்ணி காம்பு கிள்ளப் போவதைப் பார்த்துவிட்டு எவன் ஓட்டுப் போடுகிறான் என்று பார்ப்போம்.

அண்ணா, இந்த வரி மட்டும் என்னுடையது. எனக்குப் பயமாக இருக்கிறது. சித்தப்பா சொன்னால் செய்வார், என் பள்ளிக்கூடச் சம்பள ரசீதை இப்போதே வாங்கி வைத்துக்கொண்டார். ஆனாலும் அம்மா சொன்னதில் ஒரு சொல்லைக் கூட நான் விடவில்லை.

அய்யாதுரை, இனி நீ செய்ய வேண்டியது. குடும்பக் காகிதம் அத்தனையும் சித்தப்பாவுக்கே பாத்தியம் என்று எழுதி உன் கையெழுத்துக்கு அனுப்பியிருப்பார், மூத்த மகன் கையெழுத்து இருந்தால் என் பேச்சு செல்லாது. போடாதே. சொர்ணத்தின் பெரிய டீச்சர் விசாரித்துச் சொன்னார்கள், மதுரையில் ஒரு கல்லூரி நூலகத்தில் இந்த மாதிரிக் காகிதங்களைப் பூச்சி அரிக்காமல் காப்பாற்றி, கேட்கிறவர்களுக்கெல்லாம் வாசிக்கக் கொடுக்கிறார்களாம். ஒரு தாளைக் கூடக் கழிக்கக் கூடாது, ஒன்றையும் மறைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அத்தனையையும் ஒப்படைக்கச் சம்மதம் என்று அவர்களுக்கு எழுது. கல்லூரி விலாசம் தனித்தாளில் இருக்கிறது. கண்ணாடி போட்டு மாட்டிய தலைவர் கடிதங்களையும் சேர்த்துச் சொல், அவையும் உன் அப்பாவுக்கு வந்தவைதான். சித்தப்பா உனக்குக் கோபமாக எழுதுவார், அன்பாகவும் எழுதுவார், அன்பாக எழுதினால்தான் ஜாக்கிரதையாக இரு. எனக்குப் பதிலை வீட்டு விலாசத்துக்குப் போடாதே, பெரிய டீச்சர் பெயருக்குப் போடு. சித்தப்பா உன்னைத் தூக்கி வளர்த்தவர், மரியாதை குறையாமல் மறுத்து எழுது, ஆனால் மறுத்து எழுது. சம்பளத்தில் எனக்கு எதுவும் அனுப்ப வேண்டாம், பால் வாங்கிக் குடி. நீயும் உன் வம்சமும் தலை நிமிர்ந்து நன்றாக இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். முக்கியமாக ஒன்று, அந்த டைபாய்டுக் காகிதத்தை நினைத்து நீ மனசு

அண்ணா, கதவைத் தட்டுகிறார்கள். சித்தப்பா குரல்தான், பெத்தணனும் கூட இருக்கிறார். விளக்கை ஊதி அணைத்துவிட்டுத் தாளைப் பாவாடைக்குள் ஒளிக்கப் போனேன், அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கரண்ட் லைட்டையே போட்டுவிட்டாள். "எழுது, நீ பாட்டுக்கு எழுது" என்கிறாள். தலையை அள்ளி முடிந்துகொண்டு கதவுப் பக்கம் போய், "இருங்க தம்பி, தொறக்கேன், உங்களப் பத்தித்தான் எழுதிக்கிட்டு இருக்கோம்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொல்கிறாள். அண்ணா, தாழ்ப்பாளில் அம்மா கை