சக்கரவர்த்திக்கு மாட்டிய படம்

ஆரணி,
18-12-1972

அன்பு மகன் வேணுகோபாலுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சுகம். உன் சுகத்தை நீ எழுதினால்தானே எங்களுக்குத் தெரியும், ஐப்பசிக்குப் பிறகு, நீ வேலைக்குப் போன பிலாயிலிருந்து ஒரு கார்டுகூட இல்லை. மழை விடாமல் பெய்து தெருவில் பாவு நூலை நீட்டிக் கட்ட முடியாமல் பத்து நாள் தறி நின்றது, அப்பா வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து என்னைப் பேஜார் பண்ணிவிட்டார். இப்போது வெயில் வந்துவிட்டது, அவரும் சரியாகிவிட்டார். செய்யாரில் உன் தங்கை தேவகிக்கு இது ஏழாம் மாதம், அண்ணன் வளைகாப்புக்காவது வருமா என்று கேட்கிறாள்.

நேற்று நீ படித்த பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். உன் சிநேகிதன் சக்கரவர்த்தி பட்டாளத்துச் சண்டையில் இறந்து வருஷம் ஒன்று ஆகிவிட்டதல்லவா, உன் கூடப் படித்த பையன்கள் சேர்ந்து அங்கே அவன் படத்தை மாட்டினார்கள். பட்டாளத்தில் எடுத்த படம் தொப்பியும் மீசையுமாக யாரோ மாதிரி இருக்கிறது, எங்களோடு உட்கார்ந்து படித்த முகம்தான் வேண்டும் என்று சொல்லி, எஸ்.எஸ்.எல்.சி. முடித்தபோது நீங்கள் எல்லாரும் நின்று எடுத்த படத்திலிருந்து அவனை மட்டும் பெரிதாக்கக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் இருந்த படத்தைக் கரையான் தின்றுவிட்டது, நம் வீட்டில் இருந்ததை நீ எடுத்துக்கொண்டு போய்விட்டாய். வேலூர் ஸ்டூடியோவில் நெகடிவ் இருக்கிறதென்று முருகேசன்தான் அங்கே கார்டு போட்டான், கடைசி வரிசையில் ஆறு பேர், இடது பக்கமிருந்து மூன்றாவது ஆள் என்று. அவனும் அந்த வரிசையில் நின்றவன். கண்ணை மூடி, அன்றைக்கு நின்றபடியே மனசுக்குள் நின்று, தன் இடது கைப் பக்கமிருந்து எண்ணியிருக்கிறான். படத்தைப் பார்க்கிறவனுக்கு அது வலது பக்கம் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

உங்களோடு படித்த துரை காலை பஸ்ஸில் போய், பிரேம் போட்டுக் கட்டி வைத்திருந்ததை அப்படியே தூக்கி வந்தான். வரும்போதே கூட்டம் உட்கார்ந்துவிட்டது. கட்டைப் பிரித்து மாட்டியது புதிதாக வந்த பியூன், உங்களில் ஒருவரையும் அவனுக்குத் தெரியாது. பொட்டு வைத்து மாலையும் போட்டு, முருகேசன் நெய்து கொடுத்த பட்டுத் துணியால் மூடிவிட்டான். முன் வரிசையில் சக்கரவர்த்தியின் அம்மா காசியம்மாள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான். தலைமையாசிரியர் துணியை விலக்கினார். மாலையோடு நீ இருந்தாய். மூன்று வருஷமாகப் பார்க்காத முகத்தை நான் அப்படியா பார்க்க வேண்டும். ஆனால் பயம் வருவதற்கு முன்னால் ஒரு நொடி, என் பிள்ளை என்று சந்தோஷம்தான் வந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

காசியம்மாள்தான் முதலில் எழுந்தாள். உசுரோட கீற புள்ளைக்கு எதுக்குப்பா மாலை என்று சொல்லிக்கொண்டே மாலையைத் தன் கையால் கழற்றினாள், முந்தானையால் பொட்டைத் துடைத்தாள். துடைத்த கை அப்படியே நின்றது. உன் தோள்மேல், பக்கத்தில் நின்றவனுடைய நாலு விரல் படத்தில் விழுந்திருக்கிறது. இது எம் புள்ள கைதான், சுண்டுவெரல் கோணலா கீது பாரு என்று என்னிடம் காட்டினாள். அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். முருகேசன் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதான், அவனை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சரியான படம் அடுத்த வாரம் வந்துவிடும்.

மாலை விழுந்த படம் வீட்டுக்கு வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். காசியம்மாள் தனக்குத் தரச் சொல்லிக் கேட்டாள், கொடுத்துவிட்டேன். நான் சாயந்தரமே மிளகாயும் உப்பும் உன் பேர் சொல்லிச் சுற்றி அடுப்பில் போட்டேன். நீயும் சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக்கொள், அந்தக் குளிரில் கம்பளி இல்லாமல் ராத்திரி வேலைக்குப் போகாதே. அவன் செத்த சேதி வந்தபோதும் நீ வரவில்லை. லீவு இல்லை என்று எழுதினாய், எனக்கு ஒன்றும் குறையில்லை என்று பதில் போட்டேன். அது பொய். குறைதான்.

படத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போகும்போது காசியம்மாள் திரும்பி, வேணு வந்தா ஒரு தபா எங்கூட்டுக்கு அனுப்பும்மா, எம் புள்ள கை வச்ச தோளத் தொட்டுப் பாத்துக்கறேன் என்றாள். பொங்கலுக்கு வருகிறான் என்று உன்னைக் கேட்காமலே சொல்லிவிட்டேன். அவளும் இன்று காலை எனக்கு முன்னால் தெருவெல்லாம் அதைச் சொல்லிவிட்டாள்.

தெய்வம் உன்னை நோய் நொடி இல்லாமல் காக்கட்டும், நூறு வயசு இரு. என்றைக்கு, எந்த ரயிலில் வருகிறாய் என்று உடனே எழுது, காசியம்மாள் தேதி கேட்கிறாள்.

உன் முகம் பார்க்கக் காத்திருக்கும் அம்மா,
ஆதிலட்சுமி