கடலில் படகுகள் நிற்கையில்

நானா,

கணினியின் எஸ்கேப் விசையின் மேல் நீங்கள் ஒட்டிவிட்ட சிவப்பு டேப் இன்னும் உரியவில்லை. ஓரமெல்லாம் தூசி படிந்து பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. இன்று பகல் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு இருந்தபோது உங்களைத்தான் நினைத்தேன். அதனால்தான் எழுதுகிறேன். கூடப்பிறக்காத என் அண்ணன் உங்களுக்குப் பிறகு இந்த ரேடியோ அறையில் கதைக்க எனக்கு வேறு ஆளும் இல்லை.

காலையில் நமது மீனவர் சங்கச் செயலாளர் வந்தார். புதுப்பிக்கவா, புதுப்பிக்கவா என்று திரையில் கேட்டுக்கொண்டிருந்த பெட்டி அவர் கண்ணை உறுத்தியிருக்க வேண்டும். நான் தேத்தண்ணி வாங்கப் போன நேரம் பார்த்து அதற்குச் சம்மதம் கொடுத்து, கணினி நின்று மறுபடி தொடங்கவும் விட்டுவிட்டார். நான் வரும்போது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடி, ஓரிடத்தில் அப்படியே உறைந்துபோயின.

"என்ன பிள்ள, பழுதாப் போச்சோ?" என்றார். நான் தேத்தண்ணியை வைத்துவிட்டு அவரைக் கதிரையிலிருந்து எழுப்பினேன்.

அரை மணித்தியாலம் போகவில்லை, தாழமுக்கம், கடலில் புயல் வரும் என்று அறிவித்தல் வந்தது. ரேடியோ செட் எட்டாத தூரத்தில் நிற்கும் படகுகளுக்கு இந்தக் கணினி வழியாகத்தான் எச்சரிக்கை போகும் என்பது உங்களுக்குத் தெரியாததா? என் தம்பியும் அங்கேதான் நின்றான். ஜன்னலால் பார்த்தேன். துறைமுகத் தண்ணீர் அசையாமல் ஈய நிறத்தில் கிடந்தது.

இந்தக் கணினிக்கு நீங்கள் லினக்ஸ் இயங்குதளம் போட்ட நாளில் நான் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? "உங்கட மாப்பிள்ளைய நீங்களே பாருங்கோ" என்று கணினியைக் காட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கிண்ணியாவிலிருந்து பாலம் தாண்டி வந்து, ஹெல்மெட்டைக் கழற்றுமுன்பே அதைத் தட்டிப் பார்ப்பீர்கள். ஆனால் படகுகள் வெளியே நிற்கும் நாளில் ஒரு புதுப்பித்தலும் செய்ய மாட்டீர்கள். "போட் கடல்ல நிக்கக்குள்ள இதுல கை வைக்கப்படாது தங்கச்சி" என்பீர்கள். கடல்காரரின் சகுனம் உங்களுக்கும் தொற்றிவிட்டது என்று நான் சிரித்திருக்கிறேன்.

தொடங்கும்போது வரும் தெரிவுத் திரை நேரத்தைத் தின்கிறது என்று நான் புறுபுறுத்ததால்தான் அதை மறைத்தீர்கள். "மறைக்கிறன். ஆனா வழி இரிக்கி" என்று சொல்லி இந்த டேப்பை ஒட்டினீர்கள். இன்று அந்த விசையைப் பிடித்தபடி கணினியைத் தொடக்கினேன். முதல் தடவை பிந்திவிட்டேன். பழைய கறுப்புத் திரைதான். இரண்டாம் தடவை தெரிவுத் திரை வந்தது. கணினியை ஓட்டும் அடிநிரலான கேர்னலில், காலையில் ஏறிய புதியதற்குக் கீழே, நேற்றுவரை ஓடிய பழைய கேர்னல் அழிபடாமல் இருந்தது. அதைத் தெரிவுசெய்தேன். ஓடிய எழுத்துகள் நடுவில் ஒருமுறை தயங்கின. பிறகு நம் திரை வந்தது, கடல் வரைபடத்தில் படகுகளின் புள்ளிகளோடு.

எச்சரிக்கையை அனுப்பிவிட்டுத்தான் காரணத்தைப் பார்த்தேன். தொடக்கக் கோப்புகள் இருக்கும் சின்னப் பகுதி நிரம்பியதால் புதிய கேர்னல் அரைகுறையாக எழுதப்பட்டிருந்தது. அதைத் துப்புரவாக்கிச் சரிசெய்ய எனக்கும் தெரியும். தொடவில்லை. மின்சாரம் வந்து வந்து போகிறது, யுபிஎஸ் கத்துகிறது. படகுகள் வரட்டும்.

புள்ளிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. தம்பியின் பதில் பிந்தித்தான் வந்தது: "அக்கா, வாறம்." மேசையில் தலை வைத்து அழுதேன்.

இப்போது காற்று ஜன்னலை உதைக்கிறது. வீட்டிலிருந்து என் கணவர் போன் எடுத்தார். "கூரைத் தகரம் பறக்குது. அதுதான் தம்பி வாறானே, இனி உனக்கென்ன? எழும்பி வா!"

"வெருகல் பக்கத்துப் போட் ஒண்டு பதில் சொல்லேல்ல. எழும்ப ஏலாது" என்றேன்.

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, சட்டை முழுக்க வியர்த்து நீங்கள் இந்தக் கதிரையில் இருந்தபோது, ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று கெஞ்சிய எனக்கு நீங்கள் சொன்ன பதிலும் இதுதான். அந்தப் படகு கரை சேர்ந்தது. நீங்கள் ஆஸ்பத்திரி வாசலைக்கூடக் காணவில்லை. முன்பின் பார்க்காத யாரோ நாலு பேருக்காக இப்படியா செய்வது என்று இவ்வளவு காலமும் உங்கள்மேல் கோபமாகவே இருந்தேன், நானா.

வெருகல் படகில் நிற்பவர்கள் யாரென்று எனக்கும் தெரியாது. அதன் புள்ளி இன்னும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டு எச்சரிக்கையை மறுபடி அனுப்புகிறேன்.