பக்கத்துக் கட்டிலின் மொழி

மாதா துணை
சாம்சேன், பாங்காக்
30 ஜூன் 1918

என் தம்பி தியென்னுக்கு, அக்கா மார்த்தா ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

இது உன் கைக்கு வரும்போது நீ பிரான்சு மண்ணில் கால் வைத்திருப்பாய். கப்பலில் வாந்தி எடுத்தாயா? சின்ன வயதில் ஆற்றைக் கடக்கிற படகிலேயே எடுப்பாய். இஞ்சி மிட்டாய்ப் பொட்டலம் ஒன்றை உன் பையின் அடியில் வைத்திருந்தேன். தின்றாயோ, வெட்கப்பட்டு யாருக்காவது கொடுத்துவிட்டாயோ.

துறைக்கு நானும் பிள்ளைகளும் வந்திருந்தோம். பாண்டு வாத்தியம், மூவண்ணப் புதுக்கொடி, ஊரே திரண்டிருந்தது. நீ படகில் ஏறும்போது "தியென்! தியென்!" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டேன். இந்தப் பக்கம் பார்த்தாய். உடனே உன் கேப்டனிடம் ஏதோ பேசத் திரும்பிக்கொண்டாய். வெயில் கண்ணில் அடித்திருக்கும்.

நான் நம் முன்னோர் ஊரான அன்னாமின் அங்கியும் தலைத்துணியுமாக நின்றேன் அல்லவா, பக்கத்தில் நின்ற சயாம்காரி ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உங்க ஆளுங்களும் போறாங்களா? அன்னாமை ஆளுறது பிரெஞ்சுக்காரன், நீங்க அவன் வீட்டுப் பிள்ளைங்களாச்சே!" என்றாள். நான் விடுவேனா? "என் தம்பி சயாம் ராணுவத்துல துபாஷி. நாலு தலைமுறையா இந்த ஆத்துத் தண்ணிதான் குடிக்கிறோம்" என்றேன். வாயை மூடிக்கொண்டாள்.

என் வீட்டுக்காரர் பிரெஞ்சுத் தூதரகத்தில் பெயரைப் பதிந்துகொண்டதை நீ இன்னும் மன்னிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். சயாம் போலீஸ் தொட முடியாது, நிம்மதியாகப் பிழைக்கலாம் என்று நினைத்தார், அவ்வளவுதான். செத்தவரை விட்டுவிடு. இந்தச் சண்டையில் நாமும் சேர்ந்து ஜெயித்தால் இப்படிப் பதிய இடம் கொடுக்கிற அந்த வெள்ளைக்கார ஒப்பந்தங்களைக் கிழிக்க வைக்கலாம், சயாம் மண்ணில் எல்லாருக்கும் சயாம் சட்டம்தான் என்று நீ சொன்னாயே, நடந்தால் நல்லதுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா
மார்த்தா


லியோன், பிரான்சு
2 செப்டம்பர் 1918

அன்புள்ள அக்காவுக்கு, வணக்கம்.

நான் நலம். வாந்தி எடுக்கவில்லை, கொஞ்சம்தான். மிட்டாயை நானே தின்றேன்.

லாரி ஓட்டப் பழக்குகிறார்கள். பிரெஞ்சு சார்ஜெண்டு கத்துகிறான், நான் அதைச் சயாம் மொழியில் மரியாதையாக மாற்றிச் சொல்கிறேன். பையன்கள் என் வாயைப் பார்க்காமல் அவன் முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்கிறார்கள்.

வந்த புதிதில் எங்களை ஒரு கொட்டகையில் இறக்கினார்கள். அன்னாமிலிருந்து கொண்டுவந்த கூலிப்படைக்காகக் கட்டியதாம். சாப்பாடும் அவர்களுக்குப் போடுகிற அதே சாப்பாடு. எங்கள் கேப்டன் பின்யோ தட்டைத் தொடவில்லை. "உங்க ஊர்ச் சோறுதானே, என்ன குறை?" என்று கேட்டான் பிரெஞ்சு அதிகாரி. "நாங்க உங்க குடிமக்கள் இல்ல, கூட்டாளிங்க. அன்னாம்காரன் வேற, சயாம்காரன் வேற. இதைத் திருத்தமா சொல்லு பிரயூன்" என்றார் கேப்டன். சொன்னேன். அடுத்த வாரமே வேறு இடம் கொடுத்துவிட்டார்கள்.

சண்டை முடிந்ததும் சமாதான மேசையில் நம் நாட்டுக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்கிறார் கேப்டன். தெருவில் போகிற பிரெஞ்சுக்காரன் நம்மை அன்னாமியன் என்று நினைத்தால் அந்த நாற்காலி போய்விடும் என்கிறார். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

அதனால் அக்கா, கோபிக்காமல் கேள். இனிமேல் எனக்குச் சயாம் மொழியிலேயே எழுது. கடிதங்கள் அதிகாரிகள் கையில் பிரிந்துதான் வருகின்றன. உறையின் மேல் பிரயூன் என்று என் சயாம் பெயரை எழுது. உள்ளேயும் அப்படியே இருந்தால் நல்லது.

துறையில் உன் குரல் கேட்டது. நீ சொன்னது சரி, வெயில்தான்.

பிரயூன்


மாதா துணை
சாம்சேன்
20 நவம்பர் 1918

தம்பி பிரயூனுக்கு,

பார், எழுதிவிட்டேன். சயாம் எழுத்தில் நான் எவ்வளவு கெட்டிக்காரி என்று உனக்குத் தெரியும். உன் கேப்டன் படித்துச் சிரித்தால் சிரிக்கட்டும், அவருக்கும் போரில் ஒரு பொழுதுபோக்கு வேண்டாமா.

சண்டை நின்றுவிட்டது என்று பீரங்கி முழக்கினார்கள். கடையில் அரிசிச் சுருள் வேகவைத்துக்கொண்டிருந்தவள் அடுப்பை அப்படியே விட்டு மாதா கோயிலுக்கு ஓடினேன். பூசையில் சாமியார் உன் பெயரைச் சொன்னார், எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சந்தையில் நேற்றுவரை "யுவான் பொம்பளை" என்று அன்னாம் சாதியைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இப்போது "சிப்பாயோட அக்கா" என்கிறார்கள். மீன்காரி ஒரு மீன் கூடப் போடுகிறாள். உன்னால் எனக்கு இவ்வளவு மரியாதை!

இங்கே விஷ ஜுரம் வந்து தெருவையே படுக்க வைத்துவிட்டது. நம் வீட்டில் சின்னவளுக்கு வந்து போய்விட்டது. உனக்கு ஒன்றும் இல்லையே?

சாமியார் ஒரு விஷயம் சொன்னார். டொங்கினிலிருந்தும் அன்னாமிலிருந்தும் கப்பல் கப்பலாக நம் சனங்களை அங்கே இறக்கியிருக்கிறார்களாம். யாரையாவது பார்த்தால் நம் மொழியில் ஒரு வார்த்தை பேசு தம்பி. உன் கேப்டன் பார்க்காத நேரத்தில் பேசு, போதும். பிரெஞ்சும் தெரியாமல் அந்தக் குளிரில் என்ன பாடு படுகிறார்களோ.

மார்த்தா


நாய்ஸ்டாட், ஜெர்மனி
12 ஜனவரி 1919

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெர்மனியில் இருக்கிறோம். ஊரைக் காவல் காக்கிறோம். திராட்சைக் கொடிகள் பனியில் கறுத்துக் கிடக்கின்றன. எங்களைப் பார்க்கச் சிறு பிள்ளைகள் வேலியோரம் கூடுகிறார்கள்.

அக்டோபரில் எனக்கும் ஜுரம் வந்தது. போர்முனைக்குப் பின்னால் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இப்போது தேவலை. அங்கே எங்கள் சயாம் படை ஆட்களை அன்னாமியர் வார்டில் போட்டிருந்தார்கள். கேப்டன் வந்து, நாங்கள் வேறு இனம், வேறு மொழி என்று வாதாடித் தனி வார்டு வாங்கினார். நான் படுத்தபடியே மொழிபெயர்த்தேன். நாட்டின் கௌரவத்தைக் காத்ததாக எனக்கு ஒரு பதக்கத்துக்குச் சிபாரிசு செய்திருக்கிறார். சந்தையில் சொல்லிக்கொள்.

நீ கேட்ட ஆட்களோடு நாங்கள் கலப்பதில்லை.

ஒன்று கேட்க வேண்டும். அம்மா போன அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன் அல்லவா? கடைசியில் அம்மா ஏதாவது கேட்டாளா? என்ன வார்த்தை சொன்னாள்?

பிரயூன்


மாதா துணை
சாம்சேன்
3 மார்ச் 1919

தம்பிக்கு,

பதக்கத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டு அம்மாவின் சாவைக் கேட்கிறாய். இத்தனை வருஷத்தில் நீ அதைக் கேட்டதே இல்லை.

அம்மா சாமியாரைக் கேட்டாள். சாகும் முன் பூசுகிற அவஸ்தை எண்ணெயைப் பூசிக்கொண்ட பிறகு முகம் தெளிந்துவிட்டது. அதன்பின் "பக்கத்துல யாரு?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள். "நான்தாம்மா" என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். வேறு ஒன்றும் இல்லை.

பாலும் சோறும் ஊட்டி வளர்த்தவள் நான். நீ எதையோ விழுங்கிவிட்டுத் திணறுகிறாய் என்று இங்கிருந்தே தெரிகிறது. அந்த ஆஸ்பத்திரியில் என்னடா நடந்தது?

மார்த்தா


நாய்ஸ்டாட்
6 மே 1919

அக்கா,

இந்தக் கடிதத்தை நம் மொழியில் எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள். நம் ஆளான ஒரு சமையற்காரன் ஊருக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டிலில் அன்னாம் லாரிக்காரன் ஒருவன். ஜுரத்தில் நான் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேனாம், நம் மொழியில். கண் விழித்தபோது அவன் தன் கட்டிலிலிருந்து எட்டி என் வாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். "அக்கா வர நாளாகும் தம்பி. இப்போதைக்கு நான்தான் அக்கா" என்று சிரித்தான். பெயர் யோசேப் வின். டொங்கினில் நாம்-டின் என்கிற ஊர்ப் பக்கம். அவனும் கோயில்காரன்தான், ஜெபமாலை தலையணைக்குக் கீழே இருந்தது. என்னைவிட அவனுக்கு அப்போது நோய் குறைவு. யாரும் இல்லாத நேரத்தில் அவனோடு பேசினேன். ஆமாம் அக்கா, பேசினேன். சந்தோஷமாக இருந்தது.

அப்புறம் எனக்கு இறங்கியது, அவனுக்கு ஏறியது. கேப்டன் பின்யோ வந்த அன்று காலையில் அவன் உதடெல்லாம் நீலமாகிவிட்டது. கேப்டன் என் கட்டிலருகே நின்று டாக்டரிடம் வாதாடிக்கொண்டிருந்தார். "எங்க ஆளுங்களுக்கு இவங்க பாஷை ஒரு வார்த்தை தெரியாது. எப்படி ஒரே வார்டுல போடலாம்?" அதை நான் பிரெஞ்சில் சொல்லி வாய் மூடுவதற்குள் வின் என் கையைப் பிடித்தான்.

"தம்பி, டாக்டர்கிட்ட சொல்லு, நெஞ்சுல ஈட்டி குத்துற மாதிரி இருக்கு. சாமியாரைக் கூப்பிடச் சொல்லு. அவஸ்தை பூசணும்."

டாக்டர் கேட்டார்: "இவன் என்ன சொல்றான்? யாருக்காவது புரியுதா?"

கேப்டன் என் பக்கம் திரும்பினார். "பிரயூன், உனக்குப் புரியுதா?"

"இல்ல சார். அது வேற ஏதோ பாஷை" என்றேன், டாக்டரிடம் பிரெஞ்சிலும் அதையே சொன்னேன்.

வின் கையை எடுத்துக்கொண்டான். இழுக்கவில்லை, உதறவில்லை, என்னைச் சிரமப்படுத்தக் கூடாது என்பதுபோல மெதுவாக எடுத்துக்கொண்டான். மத்தியானமே என்னைப் புது வார்டுக்கு மாற்றினார்கள். வெள்ளை விரிப்பு, நல்ல கணப்பு. மறுநாள் அவன் கட்டிலை மடித்துத் தாழ்வாரத்தில் சாய்த்திருந்தார்கள்.

அந்தத் தனி வார்டுக்குத்தான் பதக்கம்.

துறையில் வெயில் இல்லை அக்கா. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

எழுது. திட்டியாவது எழுது.

தியென்


இரண்டாம் படைமுகாம், பாங்காக்
4 அக்டோபர் 1919

அக்கா,

ஊருக்கு வந்து பத்துப் பன்னிரண்டு நாளாகிறது. வரவேற்பு ஊர்வலத்தில் உன் அங்கியைத் தேடினேன். நீ வரவில்லை. மே மாதக் கடிதத்துக்குப் பதிலும் இல்லை. கடிதம் கிடைக்கவில்லையோ என்று ஒரு நாள் நினைத்துக்கொள்கிறேன். கிடைத்திருக்கும் என்று எனக்கே தெரியும்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஜூலையில் பாரிஸில் வெற்றி அணிவகுப்பு. நம் கொடியும் போனது, ஜனங்கள் பூ எறிந்தார்கள். அன்று சாயங்காலம் சீருடையோடு அன்னாம் லாரிக்காரர்கள் முகாமுக்குப் போய், நம் மொழியில் "யோசேப் வின்னைத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டேன். குள்ளமாக ஒருவன் எழுந்து வந்தான்.

"நீதானா அது? சாகுற அன்னிக்கு நான் பார்க்கப் போயிருந்தேன். 'பக்கத்துக் கட்டில்ல நம்ம பையன் ஒருத்தன் இருந்தான். பெரிய அதிகாரி நின்னாரு, பாவம், பயந்துட்டான்'னு சொன்னான். உன்மேல அவனுக்குக் கோபமே இல்ல. நான் ஓடிப்போய் சாமியாரைக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "கோபம் எனக்குத்தான்" என்றான் அவன். வின்னின் அம்மா இருக்கிற ஊரை மட்டும் சொல்லிவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டான்.

இங்கே வந்ததும் பதக்கம் குத்தினார்கள். மறுநாள் கேப்டன் பின்யோ வீட்டுக்குப் போனேன். "சார், அன்னிக்கு எனக்குப் புரிஞ்சுது. அது என் தாய்மொழி" என்றேன்.

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "தெரியும். நீ சாம்சேன்காரன்னு சேர்ந்த அன்னிக்கே தெரியும். தெரிஞ்சுதான் உன்னைக் கேட்டேன். அந்த டாக்டர் காதுல நீ 'இல்ல'ன்னு சொல்றது விழணும்."

"அந்த ஆள் செத்துட்டான் சார்."

"எனக்கும் அவன் முகம் மறக்கல, பிரயூன். ஆனா வெர்சாய் சமாதான மேசையில நம்மளுக்கு நாற்காலி கெடைச்சுது பார். அமெரிக்காக்காரன் பழைய ஒப்பந்தத்தை விட்டுக்கொடுக்கப் போறதாப் பேச்சு. இனி உன் அக்கா பிள்ளைங்க எந்தத் தூதரகத்துலயும் போய் நிக்க வேண்டாம். இதை வேற யாருகிட்டயும் சொல்லாத. போ."

நான் பயத்தில் பொய் சொன்னேன் என்று இருந்தேன். நாட்டுக்காகச் சொல்லவைத்தேன் என்கிறார் அவர். அவர் சொல்வதுபோல அந்த ஒப்பந்தங்கள் போனால் நானும் சந்தோஷப்படுவேன், அதை நினைத்தால்தான் இன்னும் கூசுகிறது. யார் கேட்டிருந்தாலும் சொன்ன வாய் என்னுடையதுதான்.

வின்னின் அம்மாவுக்கு நடந்ததை நடந்தபடியே எழுதி, பிஷப் அலுவலகம் வழியாக அனுப்பிவிட்டேன். அவளுக்குப் படிக்கத் தெரியுமோ என்னவோ.

நேற்று நம் தெருமுனை வரை வந்தேன். நீ கடையில் குனிந்து மாவு ஊற்றிக்கொண்டிருந்தாய். தலை நரைத்துவிட்டது. கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. திரும்பிவிட்டேன்.

வரலாமா என்று ஒரு வார்த்தை சொல்.

தியென்


மாதா துணை
சாம்சேன்
8 அக்டோபர் 1919

தியென்னுக்கு,

இரண்டு கடிதங்களும் வந்தன. முதல் கடிதத்துக்குப் பதில் எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். துறையில் என்னைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டதை நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன், அது என் சங்கதி. மற்றதை மன்னிக்க நான் யார்? அதனால் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

சாமியாரிடம் பேசிவிட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை வின்னுக்காக. பூசை தொடங்குமுன் செத்தவர் பெயரைச் சொல்லி, ஜெபிக்கக் கேட்டுக்கொள்வது வீட்டு மனிதர்கள்தான். அவனுக்கு இங்கே யாரும் இல்லை. பீடத்துக்கு முன்னால் நின்று நீ சொல். நம் மொழியில், கடைசிப் பெஞ்சுவரை கேட்கும்படி சொல்.

என் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. பூசை முடிந்து நீ வீட்டுக்கு வந்தால் சோறு போடுவேன், பேசுவேனா என்று தெரியாது.

சீருடையிலேயே வா. பதக்கத்தையும் குத்திக்கொண்டு வா. எதற்குக் கொடுத்தார்கள் என்று சனங்கள் ஆசையாக என்னைத்தான் கேட்பார்கள். நான் உன்னைக் கைகாட்டிவிடுவேன்.

உன் அக்கா
மார்த்தா